பேஸ்மென்ட் அண்ணன்

பியோரியா
மார்ச் 22

அன்புள்ள கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதற்கு அப்போதே பதில் சொல்லத் தெரியவில்லை. 'ம்' கொட்டிவிட்டு வைத்துவிட்டேன். அன்றிலிருந்து சமைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் அதுதான் மனதில் ஓடுகிறது. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் வேகத்தை இரண்டு மடங்காக்கிக் கேட்பாய். அதனால் கையால், தமிழில் எழுதுகிறேன். நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். மெதுவாகவே படி.

"எங்க பேஸ்பால் கிளப்புல இந்த வாரம் ஆறு பேரை அனுப்புறோம்மா, அதுல நாலு பேர் பந்து வீசுற பிட்சர். லிஸ்ட் நான் போட்டது" என்றாய். ஒரு கிளப், மேஜர் லீகுக்குக் கீழே இருக்கிற மைனர் லீகில் வைத்துக்கொள்ளக்கூடிய ஆட்களை 2024-ல் 180-லிருந்து 165 ஆகக் குறைத்துவிட்டார்கள், வேறு வழியில்லை என்றும் சொன்னாய். சரி, அது உன் வேலை. அதில் நான் மூக்கை நுழைக்கவில்லை. ஆனால் ஒரு காலத்தில் நம் வீட்டில் தங்கி ஆடிய பேஸ்மென்ட் அண்ணன் ஆகஸ்ட்டில் வந்துவிட்டுப் போனதைச் சொன்னபோது, "அவரையெல்லாம் மூணாவது வருஷமே விட்டிருக்கணும். ஃபாஸ்ட்பால் மணிக்குத் தொண்ணூறு மைலைத் தாண்டல. நம்பரைப் பாத்தாலே தெரியுது. பன்னெண்டு வருஷம் வேஸ்ட்" என்றாய் பார், அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது.

அவன் வந்தது 2011 மே மாதம். உனக்குப் பதினொரு வயது. ஆட்டக்காரப் பையன்களுக்கு வீட்டில் இடம் கொடுப்பவர்கள் தேவை என்று அப்பாவின் ஆபீசில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். பேயிங் கெஸ்ட் மாதிரி, மாதாமாதம் ஏதாவது வரும் என்று அப்பா நினைத்துக்கொண்டார். வாடகை என்று ஒரு காசு வரவில்லை, டிக்கெட்தான் வந்தது. அந்தப் பையனிடம் கொடுக்க என்ன இருந்தது? மாதம் 1,000 டாலருக்குக் கொஞ்சம் மேலே சம்பளம், அதுவும் சீசன் நடக்கிற ஐந்து மாதம் மட்டும். கிளப்கள் புது ஆட்களை எடுக்கிற டிராஃப்டில் அப்போது 50 சுற்று. இவனை எடுத்தது முப்பதுக்கு மேல் ஏதோ ஒரு சுற்றில். கையெழுத்துப் போட்டதற்குக் கிடைத்த 1,000 டாலரும் காருக்கு டயர் மாற்றியதில் போய்விட்டது. பெட்டி ஒன்று, கையுறை இரண்டு, ஒரு தலையணை. பேஸ்மென்ட் படியில் தலை இடிக்காமல் இறங்க அவனுக்கு ஒரு வாரம் ஆனது.

முதல் ராத்திரி நினைவிருக்கிறதா? ஐந்து இன்னிங்ஸ் வீசிவிட்டு வந்து, "மேம், ஐஸ் இருக்குமா?" என்றான். நம் வீட்டு ஃப்ரீசரில் ஐஸ் எங்கே? இந்தியக் கடையில் வாங்கின துருவிய தேங்காய்ப் பாக்கெட் நாலு இருந்தது. இரண்டைத் தோளில், ஒன்றை முழங்கையில் வைத்து, சமையலறை பிளாஸ்டிக் சுருளால் நான் சுற்றிக் கட்டினேன். அப்படியே உட்கார்ந்து மூன்று தட்டு சாம்பார் சாதம் சாப்பிட்டான். மறுநாள் அந்தத் தேங்காயில் சட்னி அரைக்கலாமா வேண்டாமா என்று எனக்கும் அப்பாவுக்கும் பெரிய விவாதம். அரைத்தேன். உனக்குச் சொல்லவில்லை.

வீசுகிற நாளில் காலையிலேயே என் நக அரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போவான். வாசற்படியில் உட்கார்ந்து நடுவிரல் நகத்தை மட்டும் அவ்வளவு பொறுமையாகத் தேய்ப்பான். பந்தில் 108 தையல், அந்தச் சிவப்பு நூல்மேல் விரல் எப்படி உட்காருகிறதோ அப்படித்தான் பந்து திரும்பும் என்று உனக்குக் காட்டினான். புதுப் பந்தின் வழவழப்புப் போக, டெலவேர் ஆற்றில் வந்து சேர்கிற ஒரு ஓடைக்கரைச் சேற்றை எடுத்துத்தான் பூசுகிறார்கள் என்று அவன் சொன்னபோது நான் நம்பவே இல்லை. இவ்வளவு கம்ப்யூட்டர் வைத்திருக்கிற நாட்டில் இப்படி ஒரு வேலையா என்று நினைத்தேன். நிஜம்தானாம்.

அப்போது எங்கே பார்த்தாலும் பஸ்தான். பெலாய்ட், கிளின்டன், பர்லிங்டன், ஃபோர்ட் வெய்ன், கென்டக்கியில் போலிங் கிரீன் வரைக்கும். ராத்திரி இரண்டு, மூன்று மணிக்குத்தான் வந்து இறங்குவான். சாவி கொடுத்திருந்தும் நான் எழுந்து கதவைத் திறப்பேன். பழக்கதோஷம். ஒருநாள் சிரித்துக்கொண்டே ஒரு கதை சொன்னான். 1981 ஏப்ரலில் பாடக்கெட்டில், ராச்சஸ்டருக்கு எதிராக ஒரு மைனர் லீக் ஆட்டம், சனிக்கிழமை ராத்திரி ஆரம்பித்தது முடியவே மாட்டேன் என்று ஒன்பது இன்னிங்ஸில் முடிய வேண்டியது அதிகாலை நாலு மணியைத் தாண்டி 32 இன்னிங்ஸ் போயிருக்கிறது. குளிருக்கு உடைந்த மட்டைகளைக் கொளுத்திக் காய்ந்தார்களாம். கடைசியில் பார்க்க மிஞ்சியவர்கள் 19 பேர். லூயிஸ் அபோன்டே என்ற பிட்சர் தன் முறையை முடித்துவிட்டு விடியப்போகிற நேரத்தில் வீட்டுக்குப் போனால், மனைவி கதவைத் திறக்கவில்லை. இந்நேரம் வரைக்கும் எந்த ஊரில் ஆட்டம் நடக்கிறது என்று அந்த அம்மாவுக்குச் சந்தேகம். நியாயம்தானே?

அந்தக் கதையில் எனக்கு மனதில் நின்றது இன்னொருவர். ராச்சஸ்டர் பக்கம் ஜிம் அம்பார்கர். முன்பு மேஜர் லீகில் வீசியவர், அப்போது கீழே வந்துவிட்டார். 23-வது இன்னிங்ஸில் இறங்கி 32 வரை பத்து இன்னிங்ஸ் வீசி ஒரு ரன் கூடக் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகும் மேலே போகவே இல்லை. இதைச் சொல்லும்போது நம்மவன் குரலில் துக்கம் எதுவும் இல்லை, "பத்து இன்னிங்ஸ் மேம், ஈஸ்டர் காலைல" என்று கண்ணை விரித்தான்.

மேலே போகமாட்டான் என்று தெரிந்தும் ஆள் எண்ணிக்கைக்கு வைத்திருப்பவனை நீ "ஆர்க் கை" என்கிறாய், அதற்கு எங்கள் ஊரில் ஒரு பெயர் உண்டு, ஒப்புக்குச் சப்பாணி. ஆட்டத்துக்கு ஆள் குறைந்தால் பக்கத்து வீட்டுக் குட்டிப்பிள்ளையைக் கூப்பிட்டு நிறுத்திக்கொள்வோம். அவுட்டும் கிடையாது, கணக்கும் கிடையாது. உங்கள் கிளப்புக்கு உண்மையில் வேண்டியவர்கள் மூன்று நாலு பேர். அந்த மூன்று பேர் ஆடிப் பழக எதிரில் யாராவது நிற்க வேண்டும், பந்து வீச வேண்டும், பஸ்ஸை நிரப்ப வேண்டும். இதை நீதான் எனக்கு விளக்கினாய். எனக்குப் புரியாதது என்னவென்றால், அவர்களை வைத்துத்தான் ஆட்டமே நடக்கிறது, பிறகு எப்படி அது வேஸ்ட் ஆகும்?

2012-ல் நம் வீட்டில் இரண்டாவதாக வந்து தங்கின டொமினிக்கன் பையன் நினைவிருக்கிறானா? பத்தொன்பது வயசு. இங்கிலீஷ் பத்து வார்த்தை. வீட்டு நினைப்பில் சாப்பிடாமல் படுத்துக்கொள்வான். நம் சாப்பாட்டு மேஜையில் ஓர் ஆரஞ்சுப் பழத்தை வைத்துக்கொண்டு பேஸ்மென்ட் அண்ணன் அவனுக்கு, வேகம் குறைந்து வருகிற சேஞ்ச்-அப் பந்தின் பிடிப்பைச் சொல்லிக்கொடுத்தான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வட்டமாகச் சேர, மற்ற மூன்று விரலில் பந்து. அட, நம் தட்சிணாமூர்த்தி பிடிக்கிற சின்முத்திரை என்று நான் சொன்னேன், பூஜையறைப் படத்தைக் கொண்டுவந்து காட்டினேன். இரண்டு பேரும் ஒரு மாதம் அதைச் சொல்லியே சிரித்தார்கள். அந்தப் பையன் மேஜர் லீக் போனான். பெயர் எழுதவில்லை, உனக்குத் தெரியும். அந்தப் பந்தை வைத்துத்தான் போனான். அந்த ஆரஞ்சுப் பழம் உன் நம்பரில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது? குத்திக்காட்டவில்லை, தெரியாமல்தான் கேட்கிறேன்.

நம்மவன் அதற்குப்பிறகு போன ஊர்களை உன் கம்ப்யூட்டரே வரிசையாகச் சொல்லும். ஃபுளோரிடா, டென்னசி, வேறு கிளப்புக்குக் கைமாறி ஆல்புகர்க்கி. அது 5,000 அடி உயரத்தில் இருக்கிற ஊர், காற்று லேசு, அங்கே கர்வ்பால் வளையாது, அடித்த பந்து இறங்காது என்று போனில் புலம்பினான். மேலே ஒரே ஒரு நாள் பெயர் இருந்தாலும் மேஜர் லீகின் மருத்துவக் காப்பீட்டில் சேரலாமாம், 43 நாள் இருந்தால் பென்ஷன். இவன் கணக்கில் பூஜ்யம். அந்த 43-ஐ நான் மறக்கவே இல்லை. ஒன்றரை மாதம் கூட இல்லையே.

2017 மார்ச்சில், அரிசோனாவில், ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தவன் தோளை ஒருவர் வந்து தொட்டார், "ஆபீஸ்ல கூப்பிடுறாங்க." சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் தங்கள் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். எந்தக் கிளப் என்பது நமக்குள் இருக்கட்டும். அனுப்பினதில் அவனுக்குக் கோபம் இல்லை. உள்ளே போய் உட்கார்ந்ததும், எதிரில் இருந்தவர் பேப்பரைக் குனிந்து பார்த்துத்தான் இவன் பெயரைச் சொன்னாராம். "மூணு வருஷம் அங்க இருந்தேன் மேம்" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

அதற்குப் பிறகும் விடவில்லை, அதுதான் உனக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறது. குளிர்காலத்தில் மெக்சிகோவில் லாஸ் மோச்சிஸ், கோடையில் எந்த மேஜர் லீக் கிளப்போடும் சேராத அட்லான்டிக் லீக். 2020-ல் மைனர் லீக் சீசனையே ரத்து செய்தார்கள், அட்லான்டிக் லீகும் நடக்கவில்லை, கிடங்கில் பெட்டி ஏற்றினான். 2021-ல் திரும்பி வந்தபோது, மேஜர் லீகின் சோதனை என்று ஆகஸ்ட்டில் அட்லான்டிக் லீகில் பிட்சர் நிற்கும் இடத்தை ஓர் அடி பின்னால் தள்ளிவிட்டார்கள். பத்து வயசிலிருந்து கனவு கண்ட தூரம் 60 அடி 6 அங்குலம், முப்பத்திரண்டு வயசில் அது 61 அடி 6 அங்குலம். அந்தச் சோதனையின் நம்பர்கள் உன் கையில் இருக்கும், எடுத்துப் பார். அதில் ஒரு புள்ளி இவன். "ஓர் அடி என்ன பெருசா, பஸ்ஸுல எவ்வளவு தூரம் போயிருக்கேன்" என்று எனக்கு மெசேஜ் அனுப்பினான். அந்த சீசனோடு நிறுத்திக்கொண்டான்.

அப்பா சொல்லச் சொன்னார்: பில் தாமஸைப் பற்றி எழுது என்று. 1926-லிருந்து 1952 வரை மைனர் லீகில் மட்டும் வீசி 383 ஆட்டம் ஜெயித்தவர், அதை இன்னும் யாரும் தாண்டவில்லை. மேஜர் லீகில் ஒரு பந்து கூட வீசவில்லை. 41 வயசில் லூசியானாவில் ஹூமா என்ற சின்ன ஊருக்கு ஆடி ஒரே சீசனில் 35 ஜெயித்திருக்கிறார். அந்த வருஷமே சூதாட்டப் புகார் எழுந்தது, பிறகு தடை போட்டார்கள். 1949-ல் தடை நீங்கியதும், நாற்பத்து நாலு வயசில் திரும்ப வந்து வீசினாராம். நம் ரஞ்சியில் 637 விக்கெட் எடுத்தும் ஒரு டெஸ்ட் ஆடாத ராஜிந்தர் கோயலை உடனே அப்பா இழுத்துவிட்டார். அதற்குமேல் நான் காது கொடுக்கவில்லை. அவர் ஆரம்பித்தால் பேடி, பிரசன்னா என்று விடியும்.

ஆகஸ்ட்டில் வந்தவன் கூடவே ஆறு வயசு மகள். இப்போது ஊரில் ஹைஸ்கூல் பையன்களுக்குப் பிட்சிங் சொல்லித்தருகிறான், பகலில் கூரை வேலை. கேரட் பிராஷுயிஸ் என்று முன்னாள் மைனர் லீக் பிட்சர் ஒருவர் வக்கீலாகி மைனர் லீக் சம்பளம் போதாதென்று வழக்குப் போட்டாரே, 2022-ல் 185 மில்லியன் டாலருக்குச் சமரசம் ஆனதே, அதில் இவனுக்கும் ஒரு செக் வந்ததாம். மகளுக்குப் பல்லுக்குக் கம்பி போட வைத்திருக்கிறான். இப்போதெல்லாம் கிளப்பே பையன்களுக்கு இருக்க இடம் கொடுக்கிறது. நல்லதுதான். ஆனால் நம் பேஸ்மென்ட்டில் இனி யாரும் வந்து தலை இடித்துக்கொள்ளப் போவதில்லை.

அந்தக் குழந்தைக்கு வலது தோளும் இடது தோளும் அப்பாவுக்கு ஏன் ஒரே உயரத்தில் இல்லை என்று சந்தேகம். என்னிடம் கேட்டாள். நான் ஃப்ரீசரைத் திறந்து தேங்காய்ப் பாக்கெட்டைக் காட்டிக் கதை சொன்னேன்.

உன்னிடம் கேட்க ஒன்று உண்டு. அடுத்த தடவை லிஸ்ட் போட்டால் போடு. ஆனால் கூப்பிட்டுச் சொல்கிற அறையில் நீயும் இருப்பாயானால், பேப்பரைப் பார்க்காமல் பெயரைச் சொல். முதல் நாளே மனப்பாடம் செய்துகொள். திருக்குறள் போட்டிக்கு இருபது குறள் ஒப்பித்தவன்தானே நீ.

இன்னொன்று. அவன் வந்தபோது உன் அலமாரியைத் திறந்து பழைய ஸ்கோர் புத்தகத்தைக் காட்டினேன். 2012 ஜூலையில் ஒரு ராத்திரி அவன் ஏழு இன்னிங்ஸ் வீசின ஆட்டம். பென்சிலால் எவ்வளவு கவனமாக எழுதியிருக்கிறாய்! பந்தை அடிக்க முடியாமல் அவுட்டாகிற ஸ்ட்ரைக்கவுட்டுக்கு 'கே', மட்டையைச் சுழற்றாமலே அவுட் ஆனவனுக்குத் திருப்பிப் போட்ட 'கே'. ஆறு இன்னிங்ஸ் வரைக்கும் இருக்கிறது. ஏழாவது கட்டம் காலி, பென்சில் கோடு ஒன்று கீழே இழுத்துக்கொண்டு போகிறது. என் மடியில் தூங்கிவிட்டாய். அவன் ரொம்ப நேரம் அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்தான். "இதுல மூணு பேரையும் ஸ்ட்ரைக்கவுட் பண்ணினேன், யாரும் எழுதல" என்று சிரித்தான்.

பக்கத்தைக் கிழித்துக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. புத்தகம் உன்னுடையது. நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். அந்த ஆட்டம் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் இல்லையா? மூன்று பேரில் எத்தனை பேர் மட்டையைச் சுழற்றினார்கள் என்று பார்த்து ஏழாவதை நிரப்பு. பென்சிலிலேயே எழுது. அசலை அந்தக் குழந்தைக்குக் கொடுக்கலாமா என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்.

வேளைக்குச் சாப்பிடு. பருப்புப்பொடி தனியாக அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா