சவுண்ட் மாட்யூல் பத்தின புகார்: பிட்ச் பெண்டு படிப்படியா வருது, கரண்டு போனா செட்டிங் நிக்கல, மேனுவல்ல ஒன்னுமே இல்ல

வணக்கம் சார் / மேடம்,

உங்க கஸ்டமர் கேர்ல ஒவ்வொரு தடவையும் புதுசா ஒருத்தர் எடுக்கறாங்க, அவங்ககிட்ட முதல்ல இருந்து சொல்ல வேண்டியிருக்கு, அவங்க எழுதிக்கறாங்களா இல்லையான்னு கூட தெரியல. அதனால எல்லாத்தையும் இப்ப எழுத்துலயே அனுப்பறேன். இத படிக்கறவங்க தயவு செஞ்சு டெக்னிக்கல் டீமுக்கு அப்படியே அனுப்பி வைங்க. பில் காப்பி, சீரியல் நம்பர் தெரியற போட்டோ, பிரச்சனைய காட்டற வீடியோ எல்லாம் இது கூடவே இணைச்சிருக்கேன். வாரண்டி இன்னும் முடியல.

நான் திருச்சி பக்கம் மெல்லிசைக் குழுவுல கீபோர்டு வாசிக்கறவன். கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா, ஊர் பொதுக் கச்சேரின்னு இதான் என் தொழில், இதுல வர்ற காசுலதான் வீடு ஓடுது. பெரிய கீபோர்ட வேன்ல ஏத்தி இறக்கி முதுகு போயிடுச்சு, அதனால வெயிட் இல்லாத, சொந்தமா சத்தம் வராத ஒரு கன்ட்ரோலர் கீபோர்டும் சத்தத்துக்கு உங்க மாட்யூலும்னு முடிவு பண்ணி 34,000 ரூபாய் குடுத்து வாங்கினேன். "ஸ்டேஜுக்காகவே செஞ்சது"ன்னு உங்க பெட்டி மேலயே எழுதியிருக்கு, அத நம்பித்தான் வாங்கினேன்.

முதல்லயே ஒன்னு சொல்லிடறேன், இதுல இருக்கற டோன் எல்லாம் நல்லா இருக்கு. புல்லாங்குழல், ஸ்ட்ரிங்ஸ் ரெண்டும் இந்த விலைக்கு வேற யாரும் குடுக்காத தரம், எங்க குழு அண்ணன் முதல் ரிகர்சல்ல கேட்டுட்டு இதையே வச்சுக்கடான்னு சொன்னாரு. அதுக்காகத்தான் இவ்வளவு நாள் பொறுமையா உங்க சர்வீஸ் சென்டருக்கு நடந்தேன், இல்லன்னா அன்னைக்கே திருப்பி குடுத்திருப்பேன்.

இப்ப பிரச்சனைக்கு வரேன்.

மாட்யூல் பின்னாடி மிடி (கீபோர்டுல வாசிக்கறத மாட்யூலுக்கு மெசேஜா அனுப்பற முறை) கேபிள் போடறதுக்கு வழக்கமான பெரிய 5 பின் சாக்கெட் இல்ல, ஹெட்போன் சாக்கெட் மாதிரி சின்ன 3.5 எம்எம் ஓட்டைதான் இருக்கு, அதுக்கு ஒரு குட்டி கன்வெர்ட்டர் கேபிள் பெட்டியிலயே குடுத்திருக்கீங்க. சரி, இடம் மிச்சம், இப்ப நிறைய பேர் இப்படித்தான் செய்யறாங்க. ஆனா அந்த சின்ன பின்ல டைப் 'ஏ', டைப் 'பி'ன்னு ரெண்டு வகை வயரிங் இருக்கு. டைப் 'ஏ'ல டிப்புக்கு (நுனி) 5ஆம் பின், ரிங்குக்கு (நடு வளையம்) 4ஆம் பின், டைப் 'பி'ல அப்படியே தலைகீழ். மாத்தி போட்டா எதுவும் எரியாது, ஆனா ஒரு நோட்டு கூட வராது. இந்தக் குழப்பம் வேண்டாம்னுதான் 2018ல டைப் ஏவையே ஸ்டாண்டர்டா வச்சாங்க. உங்க மாட்யூல் எந்த டைப்னு மேனுவல்லயும் இல்ல, பெட்டியிலயும் இல்ல, வெப்சைட்லயும் இல்ல. ஸ்டேஜுக்கு போறவன் எப்பவும் ஒரு ஸ்பேர் கேபிள் வச்சிருப்பான், நானும் உங்க சர்வீஸ் சென்டர்லயே கேட்டு ஒரு ஸ்பேர் வாங்கினேன், உங்க ஆளுங்களே எடுத்துக் குடுத்தது, அது டைப் 'ஏ', மாட்யூல் டைப் 'பி'. வீட்ல போட்டு பாத்ததால தப்பிச்சேன். உங்க கடையில உங்க பொருளுக்கே சேராத கேபிள விக்கறீங்க, யாருக்கும் அது தெரியல.

அடுத்தது பேட்ச் நம்பர், அதான் ஒவ்வொரு டோனுக்கும் இருக்கற நம்பர். ஜெனரல் மிடி 1991ல இருந்து இருக்கு, 128 டோன், எந்த நம்பர்ல எந்த வாத்தியம்னு உலகம் பூரா ஒன்னுதான். ஆனா சில பேர் 1ல இருந்து 128 வரைக்கும் எண்ணுவாங்க, சில பேர் 0ல இருந்து 127 வரைக்கும் எண்ணுவாங்க. ரெண்டும் தப்பு இல்ல, எது பயன்படுத்தறோம்னு எழுதணும் அவ்வளவுதான். உங்க மேனுவல்ல ஜெனரல் மிடி லிஸ்ட் 1ல ஆரம்பிக்குது, பக்கத்தை திருப்பினா உங்க சொந்த பேங்க் (டோன் தொகுப்பு) லிஸ்ட் 0ல ஆரம்பிக்குது, எங்கயும் ஒரு வரி விளக்கம் இல்ல. 112 ஷெனாய், 113 டிங்கிள் பெல். ஒரு நம்பர் தள்ளிப் போனா ஷெனாய் வர வேண்டிய இடத்துல குட்டி மணி அடிக்கும். 74 புல்லாங்குழல், 75 ரெக்கார்டர், அங்க தள்ளிப் போனா கூட கேக்கறவங்க கண்டுக்க மாட்டாங்க, ஆனா ஷெனாயும் மணியும் அப்படியா? பேங்க் மாத்தறதுக்கு சிசி 0, சிசி 32 (சிசின்னா மிடி கன்ட்ரோல் மெசேஜ்) ரெண்டும் அனுப்பணுமா ஒன்னு போதுமான்னும் எழுதல. நானே கம்ப்யூட்டர்ல போட்டு ஒவ்வொன்னா அனுப்பி பாத்து ஒரு நோட்டுல எழுதி வச்சிருக்கேன், அந்த வேலைய செய்ய வேண்டியது நீங்க.

இதெல்லாம் கூட மேனுவல் பிரச்சனைன்னு விட்டுடலாம். நான் இந்த லெட்டர் எழுதறதே பிட்ச் பெண்டுக்காகத்தான், அதான் கீபோர்டு வீல ஆட்டி சுருதிய ஏத்தி இறக்கறது, இத கொஞ்சம் பொறுமையா படிங்க.

எங்க ஊர் பாட்டுல கமகம் இல்லாம ஒன்னும் இல்ல. கீபோர்டுல கமகம் பிடிக்கணும்னா இடது கை வீல்லதான் இருக்கணும், வலது கை நோட்டு அமுக்கும், இடது கை அதை ஆட்டும். தோடி காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவுல ஆடணும், அதுக்கு பெண்டு ரேஞ்ச் (வீல முழுசா தள்ளினா சுருதி போற தூரம்) 2 செமிடோன், அதாவது 2 அரை ஸ்வரம், இருந்தா போதும். ஆனா ஸட்ஜத்துல இருந்து பஞ்சமத்துக்கு ஒரே இழுப்புல ஜாரு போகணும்னா 7 வேணும், மேல் ஸட்ஜத்துக்கே போகணும்னா 12 வேணும். நாதஸ்வரம், ஷெனாய் டோன் வாசிக்கறவங்க நிறைய பேர் 12லதான் வச்சிருப்பாங்க, நானும் அப்படித்தான் வருஷக்கணக்கா கை பழகியிருக்கேன்.

மிடில பிட்ச் பெண்டு மெசேஜ் 14 பிட். மொத்தம் 16,384 படி, நடுவுல 8192. 12 செமிடோன் ரேஞ்ச் வச்சா கூட ஒரு படிக்கு அரை சென்ட்டுக்கும் (செமிடோன்ல நூத்துல ஒரு பங்கு ஒரு சென்ட்) கீழதான் மாறும், அதனால வழுக்கிட்டு போற மாதிரி கேக்கும். உங்க மாட்யூல் அந்த 14 பிட்ல மேல் 7 பிட்ட மட்டும்தான் எடுத்துக்குது, கீழ் 7 பிட்ட தூக்கி போட்டுடுது. அப்ப நடுவுல இருந்து ஒரு பக்கத்துக்கு மிஞ்சறது 64 படிதான். ரேஞ்ச் 2 வச்சா ஒரு படி 3 சென்ட் சொச்சம், அது காதுல பெருசா தெரியாது, உங்க ஃபேக்டரில அதோடயே டெஸ்ட் பண்ணி ஓகே சொல்லியிருப்பீங்க. 12 வச்சா 1200 சென்ட்ட 64ஆல வகுத்து பாருங்க, ஒரு படிக்கு 19 சென்ட் கிட்ட வருது, ஒரு அரை ஸ்வரத்துல அஞ்சுல ஒரு பங்கு. மெதுவா இழுத்தா ஜாரு படிக்கட்டுல இறங்கற மாதிரி கேக்குது. சுருதி தெரிஞ்ச ஆளுங்க முன்னாடி வரிசையில உக்காந்திருப்பாங்க சார், அவங்க முகம் மாறறது எனக்கு மேடையில இருந்தே தெரியுது.

இது கன்ட்ரோலர் பிரச்சனைன்னு உங்க டெக்னீசியன் சொன்னாரு. இல்ல. அதே கன்ட்ரோலர, அதே கேபிள்ல, எங்க குழுவுல இருக்கற பழைய மாட்யூல்ல மாட்டினா அதே 12 ரேஞ்ச்ல வழுவழுன்னு போகுது. கம்ப்யூட்டர்ல மிடி மானிட்டர் போட்டு பாத்தேன், கன்ட்ரோலர் கீழ் பைட்டையும் (அந்த கீழ் 7 பிட்) ஒழுங்கா அனுப்புது, ஸ்க்ரீன்ஷாட் இணைச்சிருக்கேன். அதுக்கு மேல, கம்ப்யூட்டர்ல இருந்தே கீழ் பைட்ட மட்டும் 0ல இருந்து 127 வரைக்கும் மாத்தி அனுப்பினேன், உங்க மாட்யூல்ல பிட்ச் ஒரு துளி கூட அசையல, ட்யூனர் முள்ளு அப்படியே நிக்குது. வீடியோவ பாருங்க. இதுக்கு மேல என்ன நிரூபிக்கணும்?

இதோட இன்னொன்னு. பேட்ச் மாத்தினா பெண்டு ரேஞ்ச் தானா 2க்கு போயிடுது. சரின்னு கன்ட்ரோலர்ல ஒவ்வொரு சீனுக்கும் (சேவ் பண்ணி வச்ச செட்டிங்) ரேஞ்ச் மெசேஜையும் சேத்து ப்ரோக்ராம் பண்ணேன், அதான் சிசி 101 சைபர், சிசி 100 சைபர், சிசி 6ல 12. பேட்ச் மாத்தின உடனே அது போனா உங்க மாட்யூல் டோன லோடு பண்ணிட்டு இருக்கறதால அத கவனிக்கறதே இல்ல, கொஞ்ச நேரம் விட்டு அனுப்பினாதான் எடுத்துக்குது. பாட்டு நடுவுல அந்த கொஞ்ச நேரத்துக்கு நான் எங்க போவேன்? புல்லாங்குழல்ல இருந்து ஷெனாய்க்கு மாத்தி, மேல் ஸட்ஜத்துக்குன்னு வீல முழுசா தள்றேன், அது சதுஸ்ருதி ரிஷபத்துல போய் நின்னுக்குது. பாடறவங்க திரும்பி பாக்கறாங்க.

கரண்டு விஷயம். திருவிழா மேடையில ஈபி போயி ஜெனரேட்டர் வர்றதுக்கு நடுவுல ஒரு வினாடி கட் ஆகும், இது தமிழ்நாட்டுல கச்சேரி பண்ற எல்லாருக்கும் தெரியும். மாட்யூல் மறுபடி எழுந்து வர நேரம் எடுக்கறது தப்பில்ல, ஆனா எழுந்து வரும்போது நான் சேவ் பண்ணி வச்ச செட்டப்ல டோன் மட்டும்தான் இருக்கு, மாஸ்டர் ட்யூனிங் (மொத்த சுருதி அளவு), ரிசீவ் சேனல் (எந்த மிடி சேனல்ல வர்றத கேக்கணும்ங்கறது) ரெண்டும் ஃபேக்டரி நிலைக்கு போயிடுது. சில கச்சேரில நாதஸ்வர வித்வான் எங்க கூட சேந்து வாசிப்பாரு. அவர் சுருதி கருவியிலயே அமைஞ்சது, 440 ஹெர்ட்ஸ்ன்னு நாம சொல்ற வழக்கமான சுருதிக்கு அவர் வர முடியாது, நான்தான் சென்ட் கணக்குல இறக்கி அவரோட சேரணும். ஜெனரேட்டர் மாறின அடுத்த நிமிஷம் மாட்யூல் 440க்கு போயிட்டா ரெண்டு பேரும் சேந்து வாசிக்கற இடத்துல சுருதி அலையுது, அந்த பெரிய மனுஷன் என்னைய என்ன நினைப்பாரு? சேவ் பட்டன அமுக்கினா "சேவ்டு"ன்னு டிஸ்ப்ளேல வருது, அப்புறம் எதை சேவ் பண்ணீங்க?

சஸ்டெய்ன் பெடல் மிதிச்சிருக்கும்போது பேட்ச் மாத்தினா சில சமயம் நோட்டு மாட்டிக்குது, நிக்கறதே இல்ல. எல்லா நோட்டையும் விடச் சொல்ற சிசி 123 அனுப்பினா பெடல் மிதிச்சபடி இருக்கறதால அது நிக்காது, அது மிடி விதிப்படி சரிதான், ஆனா சிசி 120 அனுப்பினா எந்த சத்தமும் உடனே நிக்கணும். உங்க மாட்யூல் அத கண்டுக்கறதே இல்ல. கடைசில வால்யூம மூடி ஆஃப் பண்ணி ஆன் பண்ண வேண்டியிருக்கு, ஆன் பண்ணா மேல சொன்ன மாதிரி ட்யூனிங் போச்சு.

128 பாலிஃபோனின்னு (ஒரே நேரத்துல ஒலிக்கற வாய்ஸ் எண்ணிக்கை) போட்டிருக்கீங்க, பெரிய பேட்ச்ல ஒரு நோட்டுக்கு 4 வாய்ஸ் எடுக்கறதால நிஜமா 32 நோட்டுதான் கிடைக்குது, ஆனா எல்லா கம்பெனியும் இப்படித்தான் எழுதறாங்க, அத நான் புகாரா சொல்லல. நியாயமா எது உங்க தப்போ அத மட்டும்தான் எழுதறேன்.

சர்வீஸ் சென்டர்ல என்ன நடந்துச்சுன்னா, எப்ப போனாலும் ஃபேக்டரி ரீசெட் பண்ணி குடுக்கறாங்க. அதுல என் செட்டப் எல்லாம் அழிஞ்சுடுது, பிரச்சனை அப்படியே இருக்கு. 14 பிட்னு சொன்னா புரியல. கடைசியா போனப்ப "இது சாஃப்ட்வேர் விஷயம், வாரண்டி ஹார்டுவேருக்கு மட்டும்தான்"னு ஒரு தம்பி சொன்னாரு. அந்தப் பையன் மேல எனக்கு கோவம் இல்ல, அவருக்கு நீங்க சொல்லிக் குடுத்தத சொல்றாரு. ஆனா இந்தப் பெட்டியில சாஃப்ட்வேர எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கு? நீங்க வித்ததே அந்த சாஃப்ட்வேர்தான்.

மிடி கருவி செய்யறவங்க ரொம்ப காலமாவே மேனுவல் கடைசில ஒரு பக்க சார்ட் போடறது வழக்கம், மிடி இம்ப்ளிமென்டேஷன் சார்ட். எந்த மெசேஜ அனுப்பும், எத வாங்கிக்கும்னு வட்டமும் பெருக்கல் குறியும் போட்டு இருக்கும். நான் சொன்ன அந்த பழைய மாட்யூல்ல கூட இருக்கு. அது உங்க மேனுவல்ல இருந்திருந்தா சிசி 120க்கு நேரா பெருக்கல் குறிய பாத்துட்டு நான் வாங்காமலே இருந்திருப்பேன். வாங்கறவனுக்கு தெரிய வேண்டியத மறைச்சு வித்த மாதிரிதான் ஆகுது இது.

எனக்கு என்ன வேணும்னு தெளிவா சொல்லிடறேன். பெண்டு 14 பிட்டும் வேலை செய்யற, ரேஞ்சும் ட்யூனிங்கும் சேனலும் சேவ் ஆகற, சிசி 120 கேக்கற ஒரு ஃபர்ம்வேர் அப்டேட் எந்த தேதிக்குள்ள வரும்னு எழுத்துல குடுங்க, முழு மிடி சார்ட்டையும் சாக்கெட் டைப்பையும் உங்க வெப்சைட்ல எல்லாருக்கும் போடுங்க. அப்டேட் வராதுன்னா அதையும் நேர்மையா எழுதி, மாட்யூல எடுத்துக்கிட்டு முழு பணத்தையும் அந்த தப்பு கேபிள் காசையும் திருப்பி குடுங்க. வேற மாடல் தரேன்னு சொல்றதா இருந்தா அதுல இந்த பிரச்சனை இல்லன்னு முதல்ல என் முன்னாடி வாசிச்சு காட்டணும்.

15 நாள்ல பதில் வரலன்னா 1915ங்கற நம்பர்ல தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன்ல பதிவு பண்ணிட்டு, 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்கு போவேன். நான் குடியிருக்கற ஊர்லயே கேஸ் போடலாம், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் இல்ல, வக்கீலும் கட்டாயம் இல்ல, எல்லாம் விசாரிச்சு வச்சிருக்கேன். ஆனா எனக்கு கோர்ட்டுக்கு அலையறதுல விருப்பம் இல்ல, அந்த புல்லாங்குழல் டோன விட்டுட்டு வேற வாங்கவும் மனசு இல்ல. சரி பண்ணி குடுத்தா இதையேதான் வாசிப்பேன்.

ஆடி மாசம் அம்மன் கோயில் கச்சேரிங்க ஆரம்பிச்சிடும், அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு முடிவு தெரியணும், வாடகைக்கு கீபோர்டு எடுக்கணுமான்னு நான் ஏற்பாடு பண்ணிக்கணும். போன்ல பேச வேண்டாம், ஈமெயில்ல மட்டும் பதில் போடுங்க.

இப்படிக்கு,
கீபோர்டு வாசிப்பவர், திருச்சி

இணைப்பு: பில் காப்பி, சீரியல் நம்பர் போட்டோ, மிடி மானிட்டர் ஸ்க்ரீன்ஷாட், ட்யூனர் வீடியோ, சர்வீஸ் சென்டர் ஜாப் ஷீட்டுங்க