யாழினியின் இனிஷியல் எங்கே வரும்?

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புள்ள மலர்,

பிள்ளைகளோடு அமெரிக்காவிலிருந்து ஜூனில் ஊர் திரும்புவதாக முடிவு செய்தது நல்லது. பெட்டி கட்டுவதைக் கடைசி வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம். காகித வேலையை இந்த வாரமே தொடங்கு. அமெரிக்காவில் ஒரு தபாலில் முடிகிற காரியம், இங்கே வந்துவிட்டால் இரண்டு மாதம் இழுக்கும்.

முதலில் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ். ஆஸ்பத்திரியில் கொடுத்த அழகான அட்டை செல்லாது. பெற்றோர் இருவர் பெயரும் உள்ள முழுச் சான்றிதழை மாநில அலுவலகத்திலிருந்து புதிதாக வாங்கி, அந்த மாநிலச் செயலர் அலுவலகத்திலேயே அப்போஸ்டில், அதாவது வெளிநாட்டிலும் செல்லுபடியாகும் சான்று முத்திரை போட்டுக்கொள். வெறும் நோட்டரி முத்திரை போதாது. எந்த மாநிலத்தில் பிறந்தார்களோ அந்த மாநிலம்தான் அப்போஸ்டில் தரும். யாழினி பிறந்தது வேறு மாநிலம் என்பதை மறந்துவிடாதே. ஆளுக்கு இரண்டு பிரதி எடு. அங்கத்திய பள்ளிகளில் நம் ஊர் டி.சி. மாதிரி ஒன்று கிடையாது. அதனால் படித்த வகுப்பு, கடைசியாக வந்த தேதி இரண்டையும் எழுதி, முதல்வர் கையெழுத்துடன் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் கேட்டு வாங்கு. கூடவே கடைசி இரண்டு வருட மதிப்பெண் அறிக்கையும் வேண்டும்.

அடுத்தது பெயர். நிறைய குடும்பங்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். பெரியவள் பாஸ்போர்ட்டில் 'யாழினி' பெயர், 'சரவணன்' குடும்பப் பெயர். இங்கே பள்ளி கிளார்க் பழக்கதோஷத்தில் 'ச. யாழினி' என்று எழுதிவிடுவார். ஆதாரில் ஒரு மாதிரி, பள்ளிப் பதிவேட்டில் ஒரு மாதிரி என்று ஆகும். இனிஷியலை விரித்து எழுதச் சொல்லும் இடத்தில் மூன்றாவது மாதிரி முளைக்கும். சி.பி.எஸ்.இ.யில் 9-ஆம் வகுப்பிலேயே பொதுத்தேர்வுக்கான பதிவு நடக்கிறது. அதில் ஏறிய எழுத்துதான் 10-ஆம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் வரும், பிறகு மாற்றுவது பெரும்பாடு. ஆகவே சேர்க்கைப் படிவத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே முழுப்பெயரை எழுது, இனிஷியல் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல். தமிழில் எழுதும்போதும் 'யாழினி சரவணன்' என்றே இருக்கட்டும். பள்ளி ஆதார் கேட்கும். ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வைத்திருக்கும் பிள்ளைகள் முந்தைய 12 மாதத்தில் 182 நாள் இங்கே தங்கியிருந்தால்தான் ஆதாருக்கு விண்ணப்பிக்க முடியும். அதுவரை பாஸ்போர்ட், ஓ.சி.ஐ. நகலைக் கொடு. உனக்கும் மாப்பிள்ளைக்கும் இந்தியப் பாஸ்போர்ட் என்பதால் அந்தக் காத்திருப்பு இல்லை.

ஓ.சி.ஐ. விஷயத்தில் உன் இரண்டு பிள்ளைகளும் ஒரே தட்டில் இல்லை. 2021 மார்ச் 4-ஆம் தேதி வந்த அறிவிக்கைப்படி, நீட் போன்ற நுழைவுத் தேர்வுகளில் ஓ.சி.ஐ.காரர்கள் என்.ஆர்.ஐ. இடங்களுக்கோ கூடுதல் இடங்களுக்கோதான் போட்டியிடலாம். 2023-ல் உச்ச நீதிமன்றம், அந்தத் தேதிக்குப் பிறகு அட்டை வாங்கியவர்களுக்கு மட்டுமே இது பொருந்தும் என்று சொல்லிவிட்டது. யாழினி அட்டை 2015-ல் எடுத்தது, சின்னவன் துருவனுடையது 2022. பெரியவளுடைய அந்தத் தேதி பின்னால் தேவைப்படலாம். எப்போதாவது அட்டையை மாற்றினால் பழையதன் எல்லாப் பக்கங்களையும் நகல் எடுத்து வை. 20 வயது வரை பாஸ்போர்ட் மாறும்போதெல்லாம் புது அட்டை தேவையில்லை. புதிய பாஸ்போர்ட்டையும் படத்தையும் இணையத்தில் பதிவேற்றினால் போதும்.

இனி தமிழ். 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டத்தால் தமிழ் கட்டாயம்; சி.பி.எஸ்.இ. பள்ளிகளிலும் 2015-16 முதல் வகுப்பு வகுப்பாகக் கொண்டுவந்தார்கள். 'பிரெஞ்சு எடுத்துக்கொள்கிறேன்' என்று தப்பிக்கலாம் என்ற கணக்கில் வராதே. யாழினி வீட்டில் நன்றாகப் பேசுகிறாள். ஆனால் 7-ஆம் வகுப்பில் செய்யுளும் இலக்கணமும் கட்டுரையும் எழுத வேண்டும். தினம் 20 நிமிடம் ஒதுக்கு. அ, ஆ-விலிருந்து தொடங்காமல் ட, ப, ம, ய என்று எளிய வடிவங்களில் தொடங்கு. கை சீக்கிரம் பழகும். இடறுகிற இடம் கொம்பு: 'கொ' என்பதில் கொம்பு முன்னால் நின்றாலும் ஒலி பின்னால் வருகிறது. இடமிருந்து ஒவ்வொன்றாகப் படிக்கும் பிள்ளை அங்கே நிற்கும். உகர, ஊகார வரிசை 36 எழுத்தும் தன்னிஷ்டத்துக்கு வளையும், அவற்றைத் தனியாக மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். 'கடல், பகல், தங்கம்' மூன்றிலும் ஒரே 'க' மூன்று விதமாக ஒலிப்பது ஏன் என்று கட்டாயம் கேட்பாள். சொல்லின் முதலில் வல்லோசை, நடுவில் மெல்ல, 'ங்'குக்குப் பிறகு குழைந்து என்று சொல். ல, ள, ழ குழப்பத்துக்குத் தினமும் ஐந்து சொல் டிக்டேஷன் போதும்.

நம் வேலூர்ப் பிள்ளைகள் 'இன்னாபா', 'வந்துகினு கீறான்' என்பார்கள். ஒரே மாதத்தில் அவளுக்கும் ஒட்டிக்கொள்ளும். அதைத் திருத்தாதே, அப்படித்தான் சிநேகிதிகள் கிடைப்பார்கள். எழுதும்போது 'வந்துகொண்டிருக்கிறான்' என்று வந்தால் சரி.

தடுப்பூசி அட்டையை மறக்காதே. காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியை அங்கே வழக்கமாகப் போடுவதில்லை. சின்னவனுக்கு வேண்டுமா, டைபாய்டு எப்போது என்பதை இங்கே குழந்தை மருத்துவர் சொல்வார். தெருநாயைத் தொடக்கூடாது என்று இப்போதிருந்தே சொல்லி வை. கடியோ நகக்கீறலோ பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஊசி. திட்டு விழும் என்று மறைப்பதுதான் ஆபத்து. திட்டமாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லிவிடு.

பணம் பற்றி மாப்பிள்ளைக்கே தெரிந்திருக்கும். வந்ததும், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்.ஆர்.இ. கணக்கைப் பற்றி வங்கிக்குச் சொல்லிவிடுங்கள், பழையபடி விட்டுவைக்கக் கூடாது. டாலராகவே வைக்க, திரும்பி வந்தவர்களுக்கான ஆர்.எஃப்.சி. கணக்கு இருக்கிறது. முந்தைய 10 ஆண்டில் 9 ஆண்டு வெளிநாட்டுவாசியாக இருந்தவருக்கு, திரும்பிய தொடக்க ஆண்டுகளில் அங்கத்திய வருமானத்துக்கு இங்கே பொதுவாக வரி வராது.

உன் பிறப்புச் சான்றிதழில் வாலாஜா, வட ஆற்காடு மாவட்டம் என்று இருக்கிறது. 1989-ல் அது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆனது, பிறகு வேலூர் மாவட்டம், 2019-லிருந்து ராணிப்பேட்டை. யாராவது 'மாவட்டம் தப்பு' என்றால் பதறாதே, சான்றிதழைத் திருத்த அலையவும் வேண்டாம். வாலாஜா நிலத்தின் பட்டாவை இணையத்தில் தேடும்போது மட்டும் ராணிப்பேட்டையைத் தேர்ந்தெடு.

பிள்ளைகளின் சான்றிதழ் கைக்கு வந்ததும், அப்போஸ்டிலுக்கு அனுப்புமுன் ஸ்கேன் செய்து எனக்கு அனுப்பு. பாஸ்போர்ட்டோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா