டிராயிங் சாருக்கு

அன்புள்ள சார்,

நீங்கள் பாதியில் விட்டுப்போன என் படம் என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது. யார் கொடுத்தனுப்பினார்கள் என்பது உங்களுக்குத் தெரியும், இங்கே எழுதவில்லை. நம் ஊர்க்காரர்களும் இதைப் படிப்பார்கள். சட்டம் போட்டு ஹாலில் மாட்டியாகிவிட்டது. இனி அதை இறக்குவதாக இல்லை.

எட்டாம் வகுப்பில் என் கிரயான் பெட்டியில் 'ஸ்கின் கலர்' என்று ஒரு இளஞ்சிவப்புக் குச்சி இருக்கும். யாரை வரைந்தாலும் அதைத்தான் தேய்ப்பேன். நீங்கள் ஹார்டுபோர்டில் வெள்ளை பூசி, என்னை உட்கார வைத்து வரைய ஆரம்பித்தபோது, பின்னால் நின்றவர்கள் "சார், ரொம்பக் கறுப்பா வருது" என்று சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நீங்கள் யாரையும் அதட்டவில்லை. வகுப்பையே வராந்தாவுக்குக் கூட்டிவந்து, என்னைக் கையை வெயிலில் நீட்டச் சொன்னீர்கள். காய்ந்த பிரஷ் ஒன்றை ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "இங்க என்ன கலர் தெரியுது? இங்க?" என்று கேட்டுக்கொண்டே போனீர்கள். மணிக்கட்டு நரம்பை ஒட்டி நீலம். விரல் முட்டிகளில் ஊதா. உள்ளங்கை ஓரத்தில் செம்மண். சிரித்தவர்களே போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். பிறகு உள்ளே வந்து பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பையும் அல்ட்ராமரீன் நீலத்தையும் குழைத்து, எல்லோ ஓக்கர் என்ற மண்மஞ்சளைக் கொஞ்சம் சேர்த்தீர்கள். கறுப்பு ட்யூபைத் திறக்கவே இல்லை. "நிழலுக்குக் கறுப்பைப் போட்டா படம் செத்துப்போயிடும்மா" என்றீர்கள். என் கையை அத்தனை நேரம் நானே பார்த்ததில்லை, சார்.

அந்தக் கையைப் பற்றித்தான் அப்புறம் ஹெச்.எம். அறையில் கேட்டார்கள். புகார் யார் கொடுத்தது என்பதை எழுத மாட்டேன். "தொட்டாரா?" என்றார்கள். "இல்ல, காட்டச் சொன்னார்" என்றேன். பின்பாதியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். படிப்பவர்கள் எல்லாருக்கும் தெரியட்டும்: நீங்கள் என்னை ஒருநாளும் தொட்டதில்லை. வகுப்பு முழுக்கப் பிள்ளைகள் இருந்தார்கள், கதவு திறந்தே கிடந்தது.

மன்னித்துவிடுங்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எதற்கு? நான் சொன்னது உண்மை. எனக்குப் பதிமூன்று வயது. வாயைத் திறக்க வேண்டியவர் நீங்கள். இத்தனை பிள்ளைகள் சாட்சி இருந்தும் ஒரு வார்த்தை பேசாமல் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். நீங்கள் அப்படிப் போனதால்தான் ஊர் அதை நம்பியது. நீங்கள் பஸ் ஏறிவிட்டீர்கள். பேச்சைக் கேட்டுக்கொண்டு அதே தெருவில் நடந்தவள் நான்.

உங்கள் நிலைமை இப்போது புரியாமல் இல்லை. 2012-ல் அரசு 16,000-க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தபோது வந்தவர் நீங்கள். வாரத்துக்கு மூன்று அரைநாள், மாதம் 5,000 ரூபாய். கும்பகோணத்தில் கவின்கலை படித்துவிட்டு, அந்தச் சம்பளத்தில் எங்களுக்கு ஆயில் கலர் வாங்கி வருவீர்கள். கையை நீட்டிப் பிடிக்க முடியாமல் நான் தவித்தால் பெஞ்சில் சாய்த்துக்கொள்ளச் சொல்லி, மீதியை அடுத்த வகுப்புக்கு வைத்துக்கொள்வீர்கள். அந்த வேலையில் இருப்பவர் யாரை எதிர்த்து நிற்பார்? புரிகிறது. ஆனாலும் ஆறவில்லை.

சட்டம் போட்ட கடைக்காரர், "கை அரைகுறையா நிக்குதே, ஆள் வெச்சு முடிச்சுத் தரட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றுவிட்டேன். படத்துக்குக் கீழே உங்கள் பெயரை எழுதி ஒட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் கேட்டால் யார் வரைந்தது, எந்த வகுப்பில் வரைந்தது எல்லாம் சொல்கிறேன். சித்தி கேட்டுவிட்டுப் பேச்சை மாற்றினார். பரவாயில்லை, அடுத்த முறையும் சொல்வேன்.

முடிக்க வேண்டும் என்று உங்களுக்கு இருந்தால் பிரஷ்ஷோடு வாருங்கள். நான் கையை நீட்டிக்கொண்டு உட்காருகிறேன். அப்பா வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்து வாருங்கள், சார். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

உங்கள் மாணவி