எழுத்தாளருக்கு முன்னால் புத்தகம் வரட்டும்

கடலூர் மாவட்ட நூலக அலுவலருக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும்,

வணக்கம்.

நூலக வாரம் நவம்பர் 14 முதல் 20 வரை வருகிறது. அந்த நாட்களில் கடலூர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மழை, புயல் எச்சரிக்கை, பள்ளி விடுமுறை. விழா அப்போதே நடக்கட்டும், சிறார் எழுத்தாளர் பள்ளிக்கு வருவதை மட்டும் ஆகஸ்டுக்கு மாற்றுங்கள். சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் நினைவாகக் கொண்டாடும் நூலகர் தினம் ஆகஸ்ட் 12தானே!

பந்தலும் வேண்டாம். நூற்றுக்கணக்கான பிள்ளைகளை உட்காரவைத்து, பொன்னாடை போர்த்தி, வாசிப்பின் பெருமையை ஒரு மணி நேரம் பேசச் சொல்கிறோம். பிள்ளைகள் கேட்பது பெருமையை அல்ல, கதையை.

ஒரு வகுப்பு போதும், 40 பேருக்கு மேல் வேண்டாம். எழுத்தாளர் வருவதற்கு இரண்டு வாரம் முன்பே அவர் எழுதிய புத்தகம் இருவருக்கு ஒன்றாக 20 பிரதிகள் அந்த வகுப்புக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். 4, 5ஆம் வகுப்புக்கு 16 பக்கப் படக்கதை சரியாக இருக்கும். முதல் வாரம் ஆசிரியர் வாய்விட்டு வாசிக்கட்டும், அடுத்த வாரம் பிள்ளைகள் இருவர் இருவராக வாசிக்கட்டும். கேள்விகளை மட்டும் ஆசிரியர் எழுதிக் கொடுக்க வேண்டாம். கொடுத்தால் “எப்போது எழுத ஆரம்பித்தீர்கள்?” என்பதோடு நின்றுவிடும். கதையைப் படித்த பிள்ளைதான் “அந்த நாய்க்கு ஏன் பேரே வைக்கலை?” என்று மடக்கும். எழுத்தாளர் 15 நிமிடம் வாசித்துவிட்டு, மீதி நேரத்தை அவர்களிடம் விட்டுவிடலாம்.

அன்றைக்கு ஊர்ப்புற நூலகரும் வகுப்பில் இருந்து உறுப்பினர் படிவங்களை வாங்கிக்கொள்ளட்டும். பிரதிகளும் அவரோடு நூலகத்துக்குப் போகட்டும், பிள்ளைகள் தேடி வருவார்கள். வியாழக்கிழமை மட்டும் வேண்டாம். மறுநாள் ஆசையாக ஓடி வரும் பிள்ளைக்கு நூலகத்தின் வெள்ளிக்கிழமை விடுமுறைப் பூட்டுதான் தெரியும்.

பள்ளிப் புத்தகங்கள் பீரோவுக்குள்ளேயே கிடப்பதற்குத் தலைமையாசிரியரைக் குறை சொல்ல மாட்டோம். இருப்பு எடுக்கும்போது குறைந்தால் யார் பணம் கட்டுவது என்ற பயம் அவருக்கு. 20 பிரதிகளில் மூன்று வரை கிழிந்தாலும் தொலைந்தாலும் கழிவில் எழுதலாம் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள், பூட்டு தானாகத் திறக்கும்.

தேவனாம்பட்டினம், தாழங்குடா பக்கம் இன்னொரு தொல்லை உண்டு. உப்புக்காற்றில் புத்தக மடிப்பில் அடித்த ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து, சுற்றியுள்ள தாள் பழுப்பாகி இற்று, நடுத்தாள் முதலில் கழன்றுவிடும். செல்லோடேப் ஒட்டினால் கோடையில் பிசின் கசிந்து பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். பின்னை நிமிர்த்தி எடுத்துவிட்டு நூலால் தைப்பதுதான் வழி. மடிப்பில் நடுவே ஒன்று, மேலும் கீழும் ஓரத்திலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி ஒவ்வொன்று என மூன்று துளை. பழைய பின் துளையில் குத்தினால் கிழியும். புத்தக உயரத்தைப் போல இரண்டரை மடங்கு பருத்தி நூலில் மெழுகு தேய்த்து, நடுத்துளை வழியாக உள்ளிருந்து வெளியே இழுங்கள். மேல் துளையில் உள்ளே, கீழ்த் துளையில் வெளியே, மறுபடி நடுத்துளையில் உள்ளே. இரண்டு முனையும் நடுவில் ஓடும் நூலுக்கு இருபுறமும் வருமாறு வைத்து முடிச்சுப் போடுங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே தைப்பார்கள், குத்தூசி மட்டும் ஆசிரியர் கையில் இருக்கட்டும். கடலோரப் பள்ளிகளுக்கு வாங்கும்போதே நூல் தைத்த பிரதிகளாகக் கேட்டுவிட்டால் இந்த வேலையும் மிச்சம்.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். வீட்டு வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி கட்டுகிறோமே, அதிலிருந்து ஒதுக்குங்கள். முதல் ஆண்டுக்கு ஐந்து பள்ளிகள் போதும். ஆனால் ஜூன் முடிவதற்குள் பிரதிகளுக்கு ஆர்டர் போய்விட வேண்டும்.

இப்படிக்கு,
கடலூர்ச் சிறார் எழுத்தாளர்களும் வாசகர் வட்ட நண்பர்களும்