ஐசன்ஷ்டாட்டிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலம்தானே? இங்கே ஆஸ்திரியாவில் குளிர் பழகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கடைகள் பூட்டிக் கிடக்கும் என்பதால் சனிக்கிழமையே சாமான் வாங்கிவிடுகிறேன். சின்ன ஊர், சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். வேலை முடிந்து எஸ்டர்ஹாசி அரண்மனை வழியாகத்தான் வீட்டுக்கு நடக்கிறேன்.

அந்த அரண்மனையில் வேலை பார்த்த இசையமைப்பாளர் ஜோசப் ஹைடனைப் பற்றி வயலின் வாத்தியாரான உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வண்டிச் சக்கரம் செய்பவரின் மகன். 1732-இல் பிறந்தவர். சிறுவயதில் வியன்னா தேவாலயத்தில் பாடினார். குரல் உடைந்ததும் வெளியே அனுப்பிவிட்டார்கள். கிடைத்த இடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்து, வாசித்துப் பிழைத்தார். 1761-இல் இந்த அரண்மனையின் எஸ்டர்ஹாசி பிரபு குடும்பத்தில் வேலை கிடைத்தது. சம்பளம் ஆண்டுக்கு 400 கில்டர். சீருடை, வெள்ளைக் காலுறை போட்டுக்கொண்டு காலையும் மதியமும் முன்னறையில் வந்து உத்தரவு கேட்க வேண்டும். எழுதிய இசையைப் பிரபுவின் அனுமதி இல்லாமல் வேறு யாருக்கும் தரக்கூடாது. 1779-இல்தான் அந்த நிபந்தனை நீங்கியது.

தியாகராஜ சுவாமிகள் பிறந்த 1767-இல் ஹைடன் இங்கே இசைக்குழுத் தலைவர். அரசவை வேண்டாம் என்றவரை வணங்கி வளர்ந்தவள் நான். ஆனாலும் ஹைடனைக் குறைவாக நினைக்க மனம் வரவில்லை. காரணம் சொல்கிறேன்.

பிரபு நிக்கோலஸ், இன்று ஹங்கேரியில் இருக்கும் எஸ்டர்ஹாசா என்ற இடத்தில் புது மாளிகை கட்டி, ஆண்டில் பெரும்பகுதியை அங்கேயே கழித்தார். வாத்தியக்காரர்கள் குடும்பத்தை அழைத்து வரக்கூடாது என்று உத்தரவு. தலைவர் என்பதால் ஹைடனுக்கு விலக்கு இருந்தது; இன்னும் சிலருக்கும் உண்டு. 1772-இல் தங்கல் நீண்டுகொண்டே போனது. குழுவினர் ஹைடனிடம் வந்து முறையிட்டார்கள். அவர் மனு எழுதவில்லை, முழு இசைக்குழுவும் வாசிக்கும் ஒரு சிம்பொனி எழுதினார். அதன் கடைசிப் பகுதியில் ஒவ்வொருவராக வாசித்து முடித்து, மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு எழுந்து போவார்கள். முடிவில் இரண்டே வயலின்கள் மிஞ்சும். பிரபுவுக்குப் புரிந்தது, எல்லோரையும் ஊருக்கு அனுப்பினார் என்பார்கள். தனக்கு இல்லாத கஷ்டத்துக்காகத் தன் இசையைக் கொடுத்தவர், அப்பா. வீட்டை விட்டு வந்து வேலை பார்க்கிற எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது. குழுவினர் அவரைப் 'பாப்பா', அதாவது அப்பா என்றே கூப்பிட்டார்களாம்.

1790-இல் நிக்கோலஸ் இறந்தார், குழு கலைந்தது. அப்புறம் 58 வயதில் முதல்முறையாகக் கடல் கடந்து லண்டன் போனார். இரண்டு பயணங்களிலுமாக 12 சிம்பொனிகள்! அங்கே பெரும் புகழ் கிடைத்தது. 1809-இல் வியன்னாவில் காலமானார். இங்கே பெர்க்கிர்ஹே தேவாலயத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது.

மெழுகுவர்த்தி அணைக்கும் அந்தச் சிம்பொனியை, அவருடைய 45-ஆவது, யூடியூபில் கேளுங்கள். கடைசி இரண்டு வயலின்களும் நாதத்தை மென்மையாக்கும் மியூட் என்ற சிறு கருவியைப் போட்டு வாசிப்பவை. அந்த இடத்தில் வில் எப்படி ஓடுகிறது, நாதம் எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள். அம்மாவின் முழங்கால் வலிக்கு டாக்டர் என்ன சொன்னார் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்