மழை அளவுப் பெட்டியத் திரும்பப் போடுங்க

மதிப்புக்குரிய ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கமுங்க.

நம்ம பேப்பர்ல உள்ளூர்ப் பக்கத்துல கீழ்மூலையில ஒரு சின்னப் பெட்டி வந்துட்டு இருந்துச்சுங்களே, நம்ம ஈரோடு மாவட்டத்துல எங்கெங்க எத்தன மில்லிமீட்டர் மழைன்னு, ஈரோடு, பெருந்துறை, கோபி, சத்தி, தாளவாடி, நம்பியூர், கவுந்தப்பாடி, கொடுமுடி, குண்டேரிப்பள்ளம், வரட்டுப்பள்ளம்னு வரிசையா, கூடவே பவானிசாகர் அணை நீர்மட்டம், வரத்து, வெளியேத்தம்னு. அது கொஞ்ச நாளாவே காணமுங்க. அணை நெறையுறப்ப மட்டும் பெரிய போட்டோவோட செய்தி வருது, மத்த நாள்ல ஒண்ணுமில்ல. அதத் திரும்பப் போடச் சொல்லித்தான் இந்த லெட்டர். நான் அந்த அணையில இருந்து வர்ற கீழ்பவானி வாய்க்கா ஓரத்துல ஒரு கெவர்மெண்டு நடுநிலைப் பள்ளியில டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவ, அந்தப் பெட்டிய வெச்சுத்தான் வருசக்கணக்குல கணக்கும் புவியியலும் நடத்துனேன், அதனால அது இல்லாமப் போனது எனக்கு ரொம்ப வெசனமா இருக்குதுங்க.

எப்படி நடத்துனேன்னு சொல்லோணும். காத்தால பிரேயர் முடிஞ்சு கிளாசுக்குப் போனா ஒரு புள்ள பேப்பரப் பாத்துப் படிக்கும், இன்னொரு புள்ள போர்டுல வலது பக்கம் மேல எழுதும், அணை மட்டம் எவ்வளவு, நேத்து எவ்வளவு, ஏறியிருக்குதா எறங்கியிருக்குதா. ஆகஸ்ட் 15க்கு வாய்க்கால்ல தண்ணி உடுவாங்க, வினாடிக்கு 2,300 கன அடி, இது எங்கூர்ல எல்லாருக்கும் தெரியும். ஆனா 2,300ன்னா எவ்வளவுன்னு கேட்டா பெரியவங்களே யோசிப்பாங்க. ஒரு நாளைக்கு 86,400 வினாடி, ரெண்டையும் பெருக்குங்கடான்னு சொன்னா ஏழாங்கிளாஸ் பசங்க பெருக்கி 19 கோடியே 87 லட்சத்துச் சொச்சம் கன அடின்னு கொண்டாருவாங்க, அஞ்சு நாளு ஓடுனா கிட்டத்தட்ட 100 கோடி கன அடி, அதுதான் ஒரு டிஎம்சி. அணையோட மொத்தக் கொள்ளளவு 32.8 டிஎம்சின்னு சொன்ன ஒடனே பின்வரிசையில கணக்குன்னாலே தலையக் குனிஞ்சுக்கற பையங்கூட எந்திரிச்சு, அப்ப நஞ்சைக்கு டிசம்பர் வரைக்கும் தண்ணி தாட்டுமா தாட்டாதான்னு கேப்பான். ஏன்னா அவங்கப்பன் நட்ட நெல்லு அந்தத் தண்ணியிலதான் நிக்குது. பாடப்புத்தகத்துல வர்ற தொட்டிக்கும் குழாய்க்கும் அந்தப் பையன் எந்திரிச்சதே இல்லைங்க.

அந்த வாய்க்கா பாசனம் 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கரு. ஒரு பாதிக்கு ஆகஸ்ட்டுல இருந்து நஞ்சைக்கு, இன்னொரு பாதிக்கு ஜனவரிக்கு மேல கடலை எள்ளுன்னு புஞ்சைக்கு. 1948ல வேலை ஆரம்பிச்சு 1955ல முடிச்ச அணை. எங்க புள்ளைங்களுக்கு இதெல்லாம் மனப்பாடம் பண்ணச் சொல்லி நான் குடுத்ததே இல்ல, அன்னாடு போர்டுல எழுதுறப்பவே கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதுதான். ஒரு தடவ 102 அடி ஆன ஒடனே உபரித் தண்ணிய ஆத்துல தொறந்து உட்டுட்டாங்கன்னு செய்தி. எங்க புள்ளைங்களுக்குக் கோவம். 105 அடி புடிக்கிற அணையில 102லயே ஏன் தொறக்குறாங்க, கடைசி மடைக்குத் தண்ணி எட்டலீன்னு எங்கப்பாரு சொல்றாரேன்னு ஒரு புள்ள கேட்டுச்சு. அக்டோபர் வரைக்கும் 102க்கு மேல நிறுத்தக் கூடாதுன்னு விதி இருக்குது, திடீர்னு மலையில கொட்டுனா தாங்கறதுக்கு எடம் உட்டு வெக்கோணும், நவம்பர்ல இருந்துதான் 105 வரைக்கும் நிறுத்தலாம்னு விளக்குனேன். கேட்டதுக்கு விளக்கம் கெடச்சாலும் கடைசி மடைக்காரங்க வெசனம் தீராதுல்லீங்க, அத வெச்சு அன்னைக்கி ஒரு மணி நேரம் கிளாசே சண்டையாப் போச்சு, ஆத்தோரத்து ஊருப் புள்ளைங்க ஒரு பக்கம், வாய்க்கா கடைசிப் புள்ளைங்க ஒரு பக்கம். நானு எடையில பேசவே இல்ல. நான் நடத்துனதுல ரொம்ப நல்ல கிளாசு அதுதான்னு இன்னைக்கும் நெனைக்கிறேன்.

மலையில கொட்டுறதுன்னா எவ்வளவுன்னு 2019 ஆகஸ்ட்டுலதான் புள்ளைங்களுக்கு மட்டுமில்ல, எனக்கே நல்லாப் புரிஞ்சுது. நீலகிரியில அவலாஞ்சியில ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர்னு பேப்பர்ல வந்துச்சு. சென்டிமீட்டர மில்லிமீட்டராக்கி 820ன்னு போர்டுல எழுதிட்டு, நம்ம ஊருப் பக்கம் ஒரு வருசம் முச்சூடும் பெய்யறதே சுமாரா 700 மில்லிதான், அது அங்க ஒரே நாள்ல பேஞ்சிருக்குதுன்னு சொன்னா கிளாசுல சத்தமே இல்ல. அப்பறம் அந்தத் தண்ணி எந்த வழியா வரும், பில்லூர் டேம் நெறஞ்சா எங்க போவும், மேட்டுப்பாளையத்துக்காரங்களுக்கு ஏன் எச்சரிக்கை, மாயாறு எங்க வந்து சேருதுன்னு மேப்ப விரிச்சு வெச்சுப் பாத்தோம். நம்ம ஊருல அன்னைக்கி ஒரு துளி இல்லீங்க, வெறும் ஆடிக்காத்து மண்ணை வாரி எறைக்குது, ஆனா அணை ஏறுது. மழை எங்கயோ, தண்ணி இங்கங்கறது அந்தப் பெட்டியில நம்பரப் பாத்தாத்தான் சின்னப் புள்ளைக்கு வெளங்கும்.

அதே வருசம் ஜூன்ல ஒடிசாவுல இருந்து ஒரு பையன் வந்து சேந்தான். அவங்கப்பா பெருந்துறைப் பக்கம் மில்லு வேலை. தமிழ் ஒரு வார்த்தை தெரியாது, மூலையில உக்காந்துக்குவான். எண்ணு மட்டும் நல்லாப் படிப்பான். சரின்னு போர்டுல எழுதுற வேலைய அவனுக்கே குடுத்தேன், பேப்பரப் பாத்து நம்பர எழுதுவான், ஊரு பேர மத்த புள்ளைங்க சொல்லிக் குடுக்கும். கோபி, சத்தி, கவுந்தப்பாடின்னு அவன் மொதமொதல்ல சொன்ன தமிழ் வார்த்தையெல்லாம் ஊரு பேருதான். மே மாசம் பூரியில கரையேறுன ஃபானி புயல அவன் பாத்திருக்கான், அந்தக் காத்து எப்படின்னு கையக் காலை ஆட்டிக் காமிச்சப்ப எல்லாப் புள்ளைங்களும் அவனச் சுத்தி நின்னுக்குச்சு. இப்ப திருப்பூரு, பெருந்துறை, கோயமுத்தூருப் பக்கம் எந்த கெவர்மெண்டு ஸ்கூலுக்குப் போனாலும் இந்த மாதிரிப் புள்ளைங்க இருக்கு. அதுகளக் கிளாசோட சேக்கறதுக்கு டீச்சருங்க படுற பாடு கொஞ்ச நஞ்சமில்ல.

டிவி செய்தியப் பத்தி ஒண்ணு சொல்லிப்போடறேன். ஆரஞ்சு அலர்ட், ரெட் அலர்ட்னு காத்தால இருந்து கத்துறாங்களே ஒழிய, அது எத்தன மில்லின்னு ஒருத்தரும் சொல்றதில்ல. 64.5 மில்லியில இருந்து 115.5 வரைக்கும் கனமழை, அதுக்கு மேல 204.4 வரைக்கும் மிக கனமழை, அதையும் தாண்டுனா அதி கனமழை. இது தெரிஞ்ச புள்ள வாட்ஸ்அப்ல வர்ற பார்வேர்டு மெசேஜுக்குப் பயப்படாது. மழைக்காலம் வந்தா விடியறதுக்குள்ள டீச்சர் வீட்டு போன் அடிக்கும், மேடம் இன்னைக்கி லீவுங்களா, கலெக்டர் லீவு உட்டுட்டாருன்னு குரூப்புல வந்திருக்குதுன்னு. போன வருசத்து மெசேஜத் தேதி மாத்தி அனுப்பி இருப்பாங்க. நம்ம மாவட்டம் தாளவாடி மலையில இருந்து கொடுமுடி ஆத்தங்கரை வரைக்கும் இருக்குதுங்க, மேல கொட்டுற அன்னைக்கி கீழ வெயில் காயும். ஊர்வாரியா நேத்து எவ்வளவு பேஞ்சுதுன்னு பேப்பர்ல இருந்தா ஜனங்க அதையாவது பாத்துட்டுப் பேசுவாங்க.

இப்ப ஸ்கூல்கள்ல இதச் செய்யறதுக்கு முன்னயவிட வசதி இருக்குது. காலை உணவுத் திட்டம் வந்த பொறகு, அதாவது 2022 செப்டம்பர்ல மதுரையில ஆரம்பிச்சு அடுத்த வருசம் ஆகஸ்ட்டுல எல்லா அரசு தொடக்கப்பள்ளிக்கும் வந்துச்சே, அந்தத் திட்டத்துனால சின்னப் புள்ளைங்க எட்டரைக்கெல்லாம் ஸ்கூல்ல இருக்கு. வானிலைத்துறை மழை அளக்குற நேரமும் காத்தால எட்டரை மணிதான், நேத்து எட்டரையில இருந்து இன்னைக்கி எட்டரை வரைக்கும் பேஞ்சதுதான் ஒரு நாள் கணக்கு. கிச்சடி சாப்புட்டுக் கை கழுவிட்டு வர்ற புள்ளைங்க ரெண்டு பேரு போய் அளந்துட்டு வந்தா வேலை முடிஞ்சுது. கருவி வாங்கோணும்னு இல்லீங்க. வாயும் அடியும் ஒரே அகலமா, சுவரு நேரா இருக்கிற எவர்சில்வர் டப்பா ஒண்ணு, மரத்துக்கும் செவத்துக்கும் தள்ளி வெட்டவெளியில, காத்துல சாயாம நாலு செங்கல் அண்டக் குடுத்து வெக்கோணும். அடிமட்டம் ஒண்ணு, ஜீரோவுக்கு முன்னாடி இருக்கிற மரத்தத் தேச்சு எடுத்துட்டு, உள்ள உட்டுப் பாத்தா மில்லிமீட்டர் தெரியும். பெரிய டப்பா வெச்சா நெறைய காட்டுமில்லன்னு புள்ளைங்க கட்டாயம் கேக்கும். ரெண்டு சைசு டப்பாவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, மழை பேஞ்ச மக்காநாளு ரெண்டுலயும் ஒரே ஒசரம் நிக்கிறதப் பாத்துட்டு எங்க நாலாங்கிளாசு புள்ளைங்க திரும்பத் திரும்ப அடிமட்டத்த உட்டு உட்டுப் பாத்ததெல்லாம் கண்ணுலயே நிக்குது.

அதுல ஒரு புள்ள, அதோட அப்பாரு, தாத்தாதானுங்க, ஒரு நாள் ஸ்கூல் கேட் பக்கம் வந்து நின்னாரு. வைகாசி மாசம் ராத்திரி நல்ல இடி மின்னலோட பேஞ்சிருந்துச்சு, சோளம் வெதைக்க டிராக்டருக்குச் சொல்லிட்டாராம். "ஏனுங் டீச்சரம்மா, எட்டு மில்லிதான் பேஞ்சுது, வெதைக்காதீங்க அப்பாருன்னு இந்தப் புள்ள வழிய மறிக்குது, ராத்திரி அத்தன இடி இடிச்சுதே"ன்னாரு. நான் ஒண்ணுஞ் சொல்லல, எங்க டப்பாவக் காமிச்சேன். அவரு போய் இட்டேரி ஓரத்துக் காட்டுல மம்பட்டியில ஒரு வெட்டு வெட்டிப் பாத்திருக்காரு, மேல ஈரம், ஒரு வெரக்கடை கீழ காஞ்ச மண்ணு. டிராக்டர வேண்டாம்னுட்டாரு. ஒரு உழவு மழைன்னு கையில மண்ணப் புடிச்சுப் பாத்துச் சொல்ற மனுசன் அவரு, அன்னையில இருந்து மழை பேஞ்சா பேத்திகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்குவாரு.

இன்னுங் கேளுங்க. 10 மில்லி மழைன்னா ஒரு ஏக்கருக்கு 40 ஆயிரம் லிட்டரு. ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லி பேஞ்சா ஒரு லிட்டரு, அவ்வளவுதான் சூத்திரம். ஸ்கூல் கட்டடத்து மொட்டை மாடி 100 சதுர மீட்டர் இருந்தா 20 மில்லி மழையில 2,000 லிட்டரு. இத ஒரு தடவ போட்டுப் பாத்த புள்ளைங்கதான் எங்க ஸ்கூல் மழைநீர்க் குழாயில அடைச்சிருந்த வேப்பெலையத் தானாப் போய் எடுத்துச்சு.

வெயிலும் அப்படித்தான். மார்ச் ஏப்ரல்ல ஈரோடு 40 டிகிரின்னு செய்தி வருது, அது நெழல்ல காத்தோட்டமான பெட்டிக்குள்ள வெச்சு அளந்தது. சிமெண்டு ஷீட்டு போட்ட வகுப்பறையில மத்தியானம் எவ்வளவுன்னு யாரும் அளக்குறதில்ல. 2024ல வெயிலுக்காக ஸ்கூல் தொறக்கறத ஜூன் 6ல இருந்து 10க்குத் தள்ளி வெச்சாங்க, நல்ல காரியம். ஆனா ஏப்ரல்ல பரீட்சை எழுதுற புள்ளைய யாரு பாக்குறது? சொவத்துல ஒரு தெர்மாமீட்டர் மாட்டி வெச்சு, மத்தியானம் ரெண்டு மணிக்குப் பாத்து நோட்டுல எழுதி வெச்சிருந்தா, கூரை மாத்திக் குடுங்கன்னு பள்ளி மேலாண்மைக் குழுவுலயும் கிராம சபையிலயும் அந்த நோட்டக் காமிச்சுக் கேக்கலாம். வாயில கேட்டா பாக்கலாம்னு சொல்லி அனுப்பிடுறாங்க, நோட்டப் பாத்தா பதில் சொல்லித்தான் ஆவோணும்.

மேட்ரிக் ஸ்கூல் வேன் மஞ்சக் கலர்ல ஊருக்குள்ள வந்து புள்ளைங்கள அள்ளிட்டுப் போவுது, அதைக் குத்தஞ்சொல்ல நான் வரல, பெத்தவங்க ஆசை. ஆனா ஈராசிரியர் பள்ளியில இருக்கிற ரெண்டு டீச்சருக்கு அஞ்சு கிளாசு, அதுல பாதிப் பொழுது போன்ல எமிஸ்ங்கற கல்வித்துறை ஆப்புல விவரம் ஏத்துறதுக்கே போயிருது. அதனால கல்வித்துறை ஆபீசருங்க யாராச்சும் இதப் படிச்சீங்கன்னா கையெடுத்துக் கேட்டுக்கறேன், இதையும் ஒரு திட்டமாக்கி, தெனமும் மழை அளவப் போட்டோ எடுத்து அப்லோடு பண்ணுங்கன்னு சர்க்குலர் உட்டுராதீங்க. டீச்சருக்குப் புடிச்சாச் செய்யட்டும், போர்டுல எழுதட்டும், மக்காநாளு அழிக்கட்டும். என்னையாட்ட ரிட்டயர் ஆன வாத்தியாருங்க ஊருக்கு ஊரு இருக்கோம், கூப்புட்டா வந்து டப்பா வெச்சுக் குடுத்துட்டுப் போறோம்.

ஆசிரியர் அய்யா, உங்களுக்கு நான் கேக்குறது கொஞ்சந்தான். அந்தப் பெட்டி பழைய எடத்துலயே வரட்டும். மழை இல்லாத நாள்லயும் அணை மட்டத்தப் போடுங்க, வரத்து எத்தன, வாய்க்கால்ல எத்தன, ஆத்துல எத்தனன்னு தனித்தனியாப் போடுங்க. எழுத்து கொஞ்சம் பெரிசா இருந்தாப் புள்ளைங்க படிக்க நல்லா இருக்கும். வரட்டுப்பள்ளம், குண்டேரிப்பள்ளம் மாதிரி சின்ன அணைகளையும் உட்டுராதீங்க, அந்தந்தப் பக்கத்துப் புள்ளைங்களுக்கு அதுதான் அணை. வடகிழக்குப் பருவமழை ஆரம்பிக்கறதுக்குள்ள, அதாவது அக்டோபருக்கு முன்னாடி, வந்துட்டா ரொம்ப ஒதவியா இருக்குமுங்க.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
கோபி வட்டம், ஈரோடு மாவட்டம்.