நூறு நாள் வேலை விவாதத்தில் ஒரு நாற்காலி: செய்தித் தொலைக்காட்சிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய செய்தி ஆசிரியர்களுக்கும் விவாத நெறியாளர்களுக்கும்,

வணக்கம். நான் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு ஊராட்சியில் நூறு நாள் வேலைக்குப் பணித்தளப் பொறுப்பாளராக இருக்கிறேன். 2006-ல் இந்தத் திட்டம் தமிழ்நாட்டில் முதலில் தொடங்கிய ஆறு மாவட்டங்களில் எங்களுடையதும் ஒன்று. நூறு நாள் வேலைத் திட்டத்துக்குப் பதிலாக ஒன்றிய அரசு கொண்டுவந்த புதுச் சட்டம், அதற்கு முன்னால் நடந்த மத்திய அரசின் நிதிக் குறைப்பு, மாநில அரசின் பதில் எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்பதால் அந்தக் கதையை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. எந்த சேனல் என்றும் சொல்ல மாட்டேன். ஒருவர்மேல் மட்டும் கோபம் என்றால் அவருக்குத் தனியாக எழுதியிருப்பேன்.

இதை எழுத வைத்தது ஒரு வீடியோ. 2025 மார்ச் மாதம் எங்கள் ஏரிக்கரைக்கு ஒரு கேமராக்காரரும் மைக் பிடித்த தம்பியும் வந்தார்கள். வரத்துக் கால்வாய் தூர்வாரும் வேலை நடந்துகொண்டிருந்தது. அவர்கள் வந்த நேரத்தில் எங்கள் பெண்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். ஏன் உட்கார்ந்திருந்தார்கள் என்றால், வருகைப் பதிவு செயலியில் காலையில் ஒரு படம், மதியத்துக்கு மேல் ஒரு படம் எடுக்க வேண்டும், அந்த இரண்டாவது படம் ஏறாமல் ஒருவரும் கிளம்ப முடியாது, ஏரிக்கரையில் சிக்னல் கிடைக்காது. நான் போனைத் தூக்கிக்கொண்டு கரைமேல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தேன். அதுவரை வெட்டிய மண் பக்கத்திலேயே குவிந்து கிடந்தது. அந்தப் பக்கம் கேமரா திரும்பவே இல்லை. தூரத்தில் நின்று உட்கார்ந்திருந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள், ஒருவரிடமும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இரவு விவாதத்தில் அந்தப் படம் ஓடியது. மக்கள் வரிப்பணம் மரத்தடியில் வீணாகிறது என்று ஒரு கட்சிக்காரர் பேசினார். இன்னொரு கட்சிக்காரர் அவருக்குப் பதிலாகத் தன் தலைவரின் பெருமையைப் பேசினார்.

சரி, போனது போகட்டும் என்று இருந்தோம். இப்போது புதுச் சட்டத்தைப் பற்றிய விவாதத்தில் அதே படத்தை மறுபடியும் ஓட்டியிருக்கிறீர்கள்.

அந்தப் படத்தில் முன்வரிசையில் நீலப்புடவை கட்டி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆயா உட்கார்ந்திருப்பார். அறுபது வயதைத் தாண்டியவர், கணவர் இல்லை, பேத்தி அவரிடம்தான் வளர்கிறாள். அந்த மார்ச்சில் அவருக்கு நவம்பர் கடைசியிலிருந்து செய்த வேலைக்குக் கூலி வரவில்லை. அவருக்கு மட்டுமில்லை, தமிழ்நாடு முழுக்க அதே நிலைமைதான். 1,056 கோடி ரூபாய் கூலி பாக்கி என்று முதலமைச்சராக இருந்த மு.க.ஸ்டாலின் அந்த ஜனவரியிலேயே பிரதமருக்குக் கடிதம் எழுதியிருந்தார், உங்கள் சேனல்களிலும் அது கீழே ஓடும் வரியாக ஓடியது. பணம் வராத அந்த மாதங்களில் ஆயா என்ன செய்தார் என்று யாரும் கேட்கவில்லை, நான் சொல்கிறேன். மளிகைக் கடையில் கணக்கு நோட்டில் எழுதிக் கடனுக்கு வாங்கினார். பொங்கலுக்கு அப்புறம் கடைக்காரர், அவரும் எத்தனை பேருக்குத்தான் கடன் கொடுப்பார், பழைய பாக்கியில் கொஞ்சமாவது கொடுத்தால்தான் எண்ணெயும் பருப்பும் என்று சொல்லிவிட்டார். ரேஷன் அரிசி இருந்ததால் உலை கொதித்தது. காதில் இருந்த கம்மலைக் கழற்றி அடகு வைத்துக் கடைப் பாக்கியைக் கட்டினார். தினமும் வேலைக்கு வந்ததும் முதல் கேள்வி என்னிடம்தான்: "பாப்பா, பணம் ஏறிடுச்சா?" இல்லை ஆயா என்பேன். "நீ எழுதி அனுப்பிச்சியா?" அனுப்பிச்சேன் ஆயா என்பேன். நான் ஏதோ தப்பாக எழுதியதால்தான் பணம் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு அவ்வளவு தன்மையாகக் கேட்பார், எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே முடியாது. வங்கிக்குப் போய்ப் புத்தகத்தில் பதிந்து பார்க்க பஸ் இலவசம்தான், ஆனால் அரை நாள் போய்விடும், அந்த நாள் கூலியும் போய்விடும். போனால் அங்கேயும் "வரலம்மா" என்ற பதில்தான்.

பதினைந்து நாளுக்குள் கூலி வர வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 0.05 சதவீதம் நஷ்டஈடு தர வேண்டும் என்பதுதான் அப்போதைய விதி. 2,000 ரூபாய் பாக்கி என்றால் ஒரு நாளுக்கு ஒரு ரூபாய், மாதத்துக்கு 30 ரூபாய். நூற்றுக்கு ஐந்து வட்டிக்கு வாங்கினால் அதே 2,000-க்கு மாதம் 100 ரூபாய் கட்ட வேண்டும். அந்த 30 ரூபாயைக்கூட எங்கள் ஊரில் வாங்கியவர் யாரையும் நான் பார்த்ததில்லை. வட்டிக்காரருக்கு ஒழுங்காகக் கட்டினார்கள்.

இந்த நிலைமையில் இருந்த ஒரு மனுஷியைத்தான் சோம்பேறி என்பதற்கு அடையாளமாக நீங்கள் காட்டினீர்கள். அவருடைய சொந்தக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டுப் போன் போட்டார்கள். எதிர்த்துப் பேச அவருக்கு உங்கள் மேடையில் இடமில்லை.

அதனால்தான் கேட்கிறேன். நூறு நாள் வேலையைப் பற்றி விவாதம் வைக்கும் நாளில், அந்த வேலையைச் செய்கிற ஒருவரை நாற்காலியில் உட்கார வையுங்கள். அவருக்கு எந்தத் தேதி வரைக்கும் கூலி வந்திருக்கிறது என்று முதலில் கேளுங்கள், அப்புறம் விவாதத்தைத் தொடங்குங்கள். என் கோரிக்கை இவ்வளவுதான்.

இது நடந்திருந்தால் எவ்வளவு குழப்பம் குறைந்திருக்கும் என்பதற்கு அந்த மார்ச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுக்கு அந்த நிதியாண்டில் 10,000 கோடிக்கு மேல் கொடுத்திருக்கிறோம், 20 கோடி மக்கள் உள்ள உத்தரப்பிரதேசத்தோடு 7 கோடி பேர் உள்ள தமிழ்நாட்டை ஒப்பிட்டுப் பாருங்கள் என்று ஒன்றிய இணையமைச்சர் பெம்மசானி சந்திரசேகர் மக்களவையில் சொன்னார். 4,034 கோடி வர வேண்டியிருக்கிறது என்று சொல்லி 29-ந் தேதி தி.மு.க. மாநிலம் முழுக்க ஆர்ப்பாட்டம் நடத்தியது. உங்கள் விவாதங்களில் ஒரு தரப்பு 10,000 என்று கத்தியது, மறுதரப்பு 4,034 என்று கத்தியது, யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்ற எண்ணத்தோடுதான் பார்ப்பவர்கள் படுக்கப் போனார்கள். ஒன்று அந்த வருடத்தில் கொடுத்த தொகை, இன்னொன்று கொடுக்காமல் நிற்கும் தொகை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். பாக்கி நிற்கிறதா இல்லையா என்ற கேள்விக்கு 10,000 பதில் ஆகாது, உத்தரப்பிரதேசமும் பதில் ஆகாது. இதைச் சொல்ல நெறியாளருக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஒருவர்கூடச் சொல்லவில்லை.

பட்ஜெட் நாளிலும் இதே கதைதான். 2023-24 பட்ஜெட்டில் நாடு முழுக்க இந்தத் திட்டத்துக்கு 60,000 கோடி ஒதுக்கினார்கள், அந்த வருடம் முடிவதற்குள் அதைத் திருத்தி 86,000 கோடி ஆக்க வேண்டி வந்தது. அடுத்த வருட பட்ஜெட்டில் 86,000 கோடி. உடனே ஆளும் தரப்பு பழைய பட்ஜெட்டோடு ஒப்பிட்டு 26,000 கோடி கூட்டிவிட்டோம் என்றது, எதிர்த்தரப்பு திருத்திய தொகையோடு ஒப்பிட்டு ஒரு ரூபாய்கூடக் கூட்டவில்லை என்றது. 2025-26-லும் அதே 86,000. தமிழ்நாட்டில் ஒரு நாள் கூலி 319-லிருந்து 336 ஆனது. கூலி கூடி, மொத்தப் பணம் கூடாமல் இருந்தால் வேலை நாள்தான் குறையும், போன வருடப் பாக்கியையும் இந்த வருடப் பணத்திலிருந்துதான் எடுப்பார்கள், இன்னும் குறையும். குறைப்பு எங்கள் ஊருக்கு வந்த விதம் இதுதான்: வாரக்கணக்கில் வேலை இல்லை என்ற அறிவிப்பு. 'குறைத்தோம்' என்று யாரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குறைக்கவில்லை. அதனால்தான் தொலைக்காட்சியில் குறைக்கவே இல்லை என்று ஒருவரால் தைரியமாகச் சொல்ல முடிகிறது, நீங்களும் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறீர்கள்.

இப்போது புதுச் சட்டத்துக்கு வருகிறேன். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியபோது நீங்கள் விவாதித்ததெல்லாம் பெயரைப் பற்றித்தான். திட்டத்தின் பெயரிலிருந்து காந்தி பெயரை எடுத்தது எனக்கும் வருத்தம்தான், அதைப் பேச வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இதுவரை கூலிப்பணம் முழுக்க ஒன்றிய அரசுடையது, இனி பெரும்பாலான மாநிலங்களில் மொத்தச் செலவில் நூற்றுக்கு 40 பங்கை மாநிலம் போட வேண்டும். எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்று டெல்லி முன்கூட்டியே ஒதுக்கிவிடும், அதற்கு மேல் ஆகும் செலவு மாநிலத்தின் தலையில். விதைப்பும் அறுப்பும் நடக்கும் காலத்தில் வருடத்துக்கு 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கலாம். இந்த மூன்றையும் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு நான் சொல்லித்தான் தெரிந்தது. நூறு நாள் இனி 125 நாள் என்ற எண் மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, ஏனென்றால் அதைத்தான் பெரிய எழுத்தில் போட்டீர்கள். நூறு நாள் என்று இருந்தபோதே நாடு முழுக்கச் சராசரியாக ஒரு குடும்பத்துக்கு 50 நாள் அளவில்தான் வேலை கிடைத்தது. அதையும் பக்கத்திலேயே போட்டிருக்க வேண்டாமா?

நான் ஒரு கட்சிக்காகப் பேசுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க. 150 நாள் வேலை தருவோம் என்று வாக்குறுதி கொடுத்தது. அதைப் பற்றியும் அவர்களிடம் விடாமல் கேட்டிருக்க வேண்டும். மாநிலம் 40 பங்கு போடாவிட்டால் என்ன ஆகும், போட்டால் எதிலிருந்து எடுத்துப் போடும் என்றும் கேட்டிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் கட்சிக்கு ஒரு சேனல் இருக்கிறது, அவர்கள் எதைக் காட்டுவார்கள் எதை மறைப்பார்கள் என்று பார்ப்பவர்களுக்குத் தெரியும், நான் அவர்களிடம் எதிர்பார்க்கவில்லை. நடுநிலை என்று உங்கள் நிலையத்தைப் பற்றி நீங்களே சொல்லிக்கொள்கிறீர்களே, உங்களிடம்தான் எதிர்பார்க்கிறேன். இரண்டு கட்சிக்கும் சமமான நிமிடம் கொடுத்துவிட்டால் நடுநிலை ஆகிவிடாது. கூலி வராதவருக்கு எத்தனை நிமிடம் கொடுத்தீர்கள்?

மேற்கு வங்கத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். முறைகேடு என்று சொல்லி 2022 மார்ச்சிலிருந்து அந்த மாநிலத்துக்கே நிதியை நிறுத்தினார்கள். ஊழல் என்று ஒரு தரப்பு, பழிவாங்கல் என்று மறுதரப்பு, மூன்று வருடத்துக்கு மேல் பேசிக்கொண்டே இருந்தார்கள். தப்பு செய்தவரைப் பிடித்துத் தண்டிக்கட்டும், உழைத்தவர் கூலியை ஏன் நிறுத்த வேண்டும் என்று கேட்க நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது. 2025 ஆகஸ்ட் 1 முதல் வேலையைத் தொடங்குங்கள் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் சொன்ன பிறகும் ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது. கட்சிச் சண்டையாக மட்டுமே ஒரு விஷயத்தைக் காட்டிக்கொண்டிருந்தால் இங்கேயும் அதுதான் நடக்கும்.

இன்னொன்று. தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வருபவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். உங்கள் விவாதத்தில் திரையில் தெரியும் நான்கு பெட்டியிலும் ஆண்கள். அவர்களில் ஒருவர் கட்டாயம், இந்தத் திட்டத்தால் விவசாயத்துக்கு ஆள் கிடைக்கவில்லை என்பார். எங்கள் ஊரில் சிறு விவசாயிகளுக்கு அந்தக் கஷ்டம் உண்மையிலேயே இருக்கிறது, அதை நான் மறுக்க மாட்டேன். நடவுக்கும் களையெடுப்புக்கும் பெண்களுக்கு எவ்வளவு கூலி கொடுத்தார்கள், இந்தத் திட்டம் வந்த பிறகு அது எவ்வளவு ஆனது என்பதையும் அதே மேடையில் ஒரு பெண் சொல்லட்டும். விவசாயியும் சொல்லட்டும். இரண்டு பேரும் ஒரே ஊர்க்காரர்கள், எதிரெதிரே உட்கார்ந்தாலும் உங்கள் கட்சிக்காரர்களைப் போல ஒருவர் பேசும்போது மற்றவர் கத்த மாட்டார்கள்.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும். மறுபடியும் மரியாதையோடு கேட்டுக்கொள்கிறேன்: அடுத்த விவாதத்தில் வேலை செய்கிற ஒருவரைக் கூப்பிடுங்கள், எந்தத் தேதி வரை கூலி வந்திருக்கிறது என்ற கேள்வியிலிருந்து தொடங்குங்கள். அந்த மரத்தடிப் படத்தை இனி ஓட்டாதீர்கள். ஓட்டித்தான் ஆக வேண்டுமென்றால், அவர்கள் எதற்காகக் காத்திருந்தார்கள் என்றும் எழுதிப் போடுங்கள்.

ஆள் கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். எங்கள் ஊரிலிருந்தே வருவார்கள், பேச்சில் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. விவாதம் முடிய இரவு ஒன்பது ஆகும் என்றால் எங்கள் ஊருக்குத் திரும்ப பஸ் கிடையாது, வண்டி ஏற்பாடு செய்து வீட்டில் கொண்டுவந்து விட வேண்டும். அது முடியாது என்றால் வீடியோ அழைப்பில் இணைத்துக்கொள்ளுங்கள், ஊராட்சி அலுவலகத்துக்குப் பக்கத்தில் சிக்னல் நன்றாகக் கிடைக்கும், போனை நான் பிடித்துக்கொள்கிறேன். விவாதத்துக்கு ஒரு நாள் முன்னதாகச் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
ஒரு பணித்தளப் பொறுப்பாளர்,
திருவண்ணாமலை மாவட்டம்.